செவ்வாய்க் கிரகத்துக் கன்னி வைத்த ரசம்

அந்த நாடகத்தைக் கேட்ட அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. வயதாகிவிட்டது. பக்கத்து வீட்டுக் குழந்தையின் பெயர்கூடச் சில நாள் மறந்துபோகிறது. ஆனால் அந்த நாடகத்தில் விஞ்ஞானியாக நடித்தவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "பெண்ணே, இனி உன் உலகம் இந்த அடுக்களைதான்" என்று சொன்னது மட்டும் மறக்கவில்லை.

அப்போது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. எனக்கு இருபத்து மூன்று வயது. கணவர் தருமபுரி தாலுகா ஆபீசில் குமாஸ்தா. ஒரு முஸ்லிம் புளி வியாபாரியின் வீட்டில் குடியிருந்தோம். தெருப்பக்கம் அவருடைய புளி மண்டி, நடுவில் அவர்கள் குடித்தனம், பின்கட்டில் இரண்டு அறைகள் எங்களுக்கு. வீட்டுக்காரரின் மனைவி என்னைவிடப் பத்து வயது பெரியவர். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். அவருக்கு நான் தங்கச்சி.

அந்தத் தெருவில் அக்கா வீட்டில் மட்டும்தான் ரேடியோ இருந்தது. பேட்டரியில் ஓடுகிற பெட்டி. கூரைமேல் இரண்டு மூங்கில் நட்டுக் கம்பி இழுத்திருந்தார்கள். பத்து நாளுக்கொரு முறை பேட்டரியைக் கைவண்டியில் வைத்து பஸ் கொட்டகைக்கு அனுப்பி சார்ஜ் ஏற்றிக்கொண்டு வரவேண்டும். அது போய் வருகிற நாளில் அக்காவுக்கும் எனக்கும் வீடே ஊமையாகிவிட்ட மாதிரி இருக்கும்.

நாடகம் என்றால் எனக்கு உயிர். மூன்றாவது பாரம், இப்போதைய எட்டாம் வகுப்பு, வரை படித்திருந்தேன். ஒருநாள் கேட்ட ஒரு சரித்திர நாடகத்தைப் பற்றி, ராஜா ஏன் மேடையில் நிற்பவர் மாதிரி கத்துகிறார், நமக்குக் காதுக்குப் பக்கத்தில்தானே இருக்கிறார் என்று ஒரு கடிதம் எழுதினேன். சேலத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு வாரப் பத்திரிகைக்கு அனுப்பச் சொல்லிக் கணவரிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுச் சிரித்தார். நன்றாக இருக்கிறது என்றார். பிறகு, "பொம்பளை பேருல போனா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க" என்று சொல்லி, கீழே தன் கையெழுத்தைப் போட்டு அனுப்பினார்.

அது அச்சில் வந்தது. ஆசிரியருக்குப் பிடித்துப்போய், மாதம் இரண்டு விமரிசனம் எழுதும்படி அவருக்குக் கடிதம் போட்டார். அப்படித்தான் ஆரம்பித்தது. நான் கேட்பேன், நான் எழுதுவேன், அவர் பெயரில் வரும். மூன்று வருஷம் அப்படி நடந்தது. தாசில்தார் அவரைக் கூப்பிட்டு, "என்னய்யா, நேத்து நாடகம் எப்படி?" என்று கேட்பாராம். மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தவர் என்னிடம் அபிப்பிராயம் கேட்டுக்கொண்டு போய்ச் சொல்வார். முதலில் எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. பொய் சொல்ல வேண்டாம், பெருமையாகவும் இருந்தது.

அந்த நாடகம் வந்த தினம் சந்தை நாள். பத்திரிகையில் நிகழ்ச்சி நிரல் போட்டிருந்தார்கள்: சாயங்காலம் ஆறரை மணிக்கு விஞ்ஞான நாடகம், இரண்டாயிரமாவது வருஷத்தில் நடப்பது. எழுதியவர் சேலத்தில் பெரிய வக்கீல். விஞ்ஞான நாடகம் என்று ஒன்றை நான் அதற்குமுன் கேட்டதில்லை. மத்தியானத்திலிருந்தே எனக்கு வேலை ஓடவில்லை.

அன்று கேட்க உட்கார்ந்தவர்கள் மூன்று பேர். அக்கா, நான், மலைக்காரம்மா. மலைக்காரம்மா வத்தல்மலையிலிருந்து புளியும் தேனும் தலைச்சுமையாகக் கொண்டுவருகிறவர். விடிவதற்கு முன்னால் கிளம்பி நடந்து வந்து, மண்டியில் சரக்கைப் போட்டுவிட்டு, அன்று இரவு மண்டிக் கொட்டகையில் படுத்து, மறுநாள் மலை ஏறுவார். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஆள் ஒல்லி, குரல் பெரிது. மண்டிக்காரரிலிருந்து நான் வரை எல்லோரும் மலைக்காரம்மா என்றே கூப்பிட்டோம். அன்றைக்கு அக்கா அவரைப் பிடித்து உட்கார வைத்தார்.

"இருந்து கேட்டுட்டுப் போம்மா. இத்தினி நாளா பாட்டுதான் கேட்டிருப்ப. இன்னிக்குக் கதை."

நாடகம் ஆரம்பித்தது. மலை உச்சியில் ஒரு விஞ்ஞானி. பெரிய கண்ணாடிக் குழாய் வைத்து ஆகாசத்தைப் பார்க்கிறார். அவருக்கு ஒரு மலைவாசி வேலைக்காரன். எதைக் கண்டாலும் "ஐயோ பேய்!" என்று உளறுவதுதான் அவன் வேலை. செவ்வாய்க் கிரகத்திலிருந்து முத்து வடிவத்தில் ஒரு ஆகாசக் கப்பல் இறங்குகிறது. அது இறங்கும்போது கடகடவென்று ஒரு சத்தம் போட்டார்கள் பாருங்கள், எனக்கு மயிர் கூச்செறிந்தது. அக்கா காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "தையல் மிஷின்" என்றார். அவரிடம் ஒன்று இருந்தது; அந்தச் சத்தம் அவருக்குத் தப்பாது.

கப்பலிலிருந்து ஏழு பெண்கள் இறங்குகிறார்கள். அவர்கள் உலகத்தில் தண்ணீர் வற்றிவிட்டது. நம் மலைச் சுனையில் குளிக்கவும் தண்ணீர் எடுத்துப்போகவும் வந்திருக்கிறார்கள். அவர்கள் அணிந்திருக்கும் ஒளிக்கவசம்தான் அவர்களைப் பறக்க வைக்கிறது. அதைக் கழற்றிப் பாறைமேல் வைத்துவிட்டுச் சுனையில் இறங்குகிறார்கள்.

மலைக்காரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது எங்க கன்னிமாரு கதையாச்சே!" என்றார்.

விஞ்ஞானி ஒளிந்திருந்து ஏழாவது பெண்ணின் கவசத்தை எடுத்து மறைத்துவிடுகிறார். மற்ற ஆறு பேரும் பறந்துபோகிறார்கள். ஏழாவது பெண் அழுகிறாள். ஒரே ஒரு காட்சிக்குக் கோபப்படுகிறாள். அடுத்த காட்சியில் விஞ்ஞானிக்குத் தலைவலி வருகிறது. அவள் மனம் இரங்கி மிளகு ரசம் வைத்துக் கொடுக்கிறாள். செவ்வாய்க் கிரகத்திலிருந்து வந்து இரண்டு நாள் ஆகாதவளுக்கு ரசம் வைக்கத் தெரிந்திருக்கிறது. அவர் குடித்துவிட்டு, "பெண்ணே, இனி உன் உலகம் இந்த அடுக்களைதான்" என்கிறார். அவள் வெட்கப்பட்டுச் சிரிக்கிறாள். கவசத்தை அவளே அடுப்பில் போட்டு எரித்துவிடுகிறாள். நாதஸ்வரம் ஊதுகிறது. நாடகம் முடிந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் மலைக்காரம்மா எழுந்துவிட்டார். ரேடியோவுக்கு முன்னால் போய் நின்று, ஒரு ஆளைத் திட்டுகிற மாதிரி அதைத் திட்டினார்.

"எவன்டா நீ? யாரு உனக்கு இப்பிடிச் சொன்னது? ரசம் வெச்சாளாம்ல ரசம்! அவ அவன் வூட்டு வாசப்படியே மிதிக்கல, தெரியுமாடா உனக்கு?"

"ஏம்மா, அது பெட்டி. நீ கத்தறது அவனுக்குக் கேக்காது" என்றார் அக்கா.

"கேக்காட்டிப் போவுது. நான் சொல்லாம வுடுவனா?"

அங்கேயே நின்றுகொண்டு அவர் கதையைச் சொன்னார். கன்னிமார் ஏழு பேர் மலைச் சுனைக்குக் குளிக்க வந்தார்கள். தேன் எடுக்கிற ஒருவன் கடைசிக் கன்னியின் சேலையைத் தூக்கிப்போய்த் தன் வீட்டில் தானியம் கொட்டி வைக்கிற மண் குதிரில் அடியில் புதைத்துவிட்டான். ஆறு பேர் போய்விட்டார்கள். ஏழாவது கன்னி கழுத்துவரை தண்ணீரில் உட்கார்ந்துவிட்டாள். அவன் கரையில் நின்று, "வா, வேற சேலை தர்றேன், வூட்டுக்கு வா" என்று கூப்பிட்டான். அவள் பதில் சொல்லவில்லை. சாப்பிடவில்லை. அவன் பக்கம் திரும்பவுமில்லை. அவள் உட்கார்ந்திருந்த நாள் முழுக்க மலையில் மழை இல்லை. சாமை காய்ந்தது. ஆண்கள் பூசை போடலாமா, ஆடு வெட்டலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் பேசவில்லை. நேராக அவன் வீட்டுக்குள் புகுந்து அந்தத் தானியக் குதிரை உடைத்தார்கள். சேலையை எடுத்துப்போய்ச் சுனைக் கரையில் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். கன்னி கட்டிக்கொண்டு போனாள்.

"ஒரு வார்த்தை பேசல. வரம் குடுக்கல. திரும்பிப் பாக்கல. போனா. அப்புறம் மழை வந்துச்சு. மலை பூராவும் பேஞ்சுது. அவன் காட்டுல மட்டும் பேயல" என்று முடித்தார் மலைக்காரம்மா.

மறுநாள் காலையில் கணவர் ஆபீஸ் போனதும் எழுத உட்கார்ந்தேன். சமையலைக்கூட அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். நியாயமாகவே எழுதினேன். கப்பல் சத்தத்தைப் பாராட்டினேன். தையல் மிஷினைக்கொண்டு ஆகாசத்தைக் காட்டியவருக்கு ஒரு சபாஷ் என்று போட்டேன். ஏழு பெண்களில் ஆறு பேருக்கும் ஒரே குரல் என்று குறை சொன்னேன். விஞ்ஞானம் இருக்கட்டும், கவசம் இல்லாமல் பறக்க முடியாது என்று கண்டுபிடித்த விஞ்ஞானிக்கு அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று மட்டும் ஏன் தோன்றவில்லை என்று கேட்டேன். மலை ஜனங்களைக் கண்டால் சிரிக்க மட்டும் தெரிந்தவர், அவர்கள் கதையைக் கைநீட்டி எடுத்துக்கொள்ளத் தயங்கவில்லையே என்று கேட்டேன். கடைசி இரண்டு பாராவில், மலையிலிருந்து வரும் ஒரு பெண் இந்தக் கதையைச் சொன்ன விதத்தை அப்படியே எழுதினேன்.

மத்தியானம் கணவர் படித்தார். படிக்கப் படிக்க முகம் சுருங்கியது.

"என்னா இது, சண்டைக்குப் போற மாதிரி இருக்கு? எழுதினவரு எங்க தாசில்தாருக்கு வேண்டியவரு, தெரியுமா?"

"நாடகம் மோசம்னா மோசம்னுதானே எழுதணும்?"

"மோசம்னு எழுது. பதமா எழுது. இந்த மலைக்காரம்மா கதையெல்லாம் எதுக்கு? புளி விக்கற பொம்பளை சொன்னதை எம் பேருல போட்டா ஆபீசுல சிரிப்பாங்க."

கடைசி இரண்டு பாராவின் மேலும் சிவப்புப் பென்சிலால் குறுக்கே கோடு போட்டுவிட்டுக் கை கழுவப் போனார். அவர் ஆபீசுக்குத் திரும்பியதும் முழுவதையும் வேறு காகிதத்தில் திரும்ப எழுதி, அந்த இரண்டு பாராவும் சேர்த்து, நானே தபாலாபீசுக்கு நடந்துபோய்ப் பெட்டியில் போட்டேன்.

இரண்டு வாரம் கழித்துப் பத்திரிகை வந்தது. காகிதப் பஞ்சம் என்று பக்கங்களைக் குறைத்திருந்தார்கள். என் விமரிசனத்தில் மூன்றில் ஒரு பங்குதான் இருந்தது. தையல் மிஷின் இருந்தது. ஆறு குரல் இருந்தது. கேள்விகள் எல்லாம் போய்விட்டன. "இக்கதை நம் மலைமக்களிடையே வேறு முடிவுடன் வழங்குகிறது" என்று ஒரே ஒரு வரி தப்பிப் பிழைத்திருந்தது. கடைசியில், நான் எழுதவே எழுதாத ஒரு வாக்கியம்: "மொத்தத்தில் குடும்பத்துடன் கேட்டு மகிழத்தக்க நாடகம்." கீழே என் கணவரின் பெயர்.

அதைக் கசக்கி எறிந்தேன். அக்கா எடுத்து நீவிக் கொடுத்தார். "கோவத்துல காயிதத்தைக் கெடுக்காத தங்கச்சி. அவங்க பண்ணினதுக்கு இது சாட்சி" என்றார்.

தப்பிப் பிழைத்த அந்த ஒரு வரியால்தான் அடுத்தது வந்தது. சென்னை வானொலி நிலையத்திலிருந்து கணவருக்கு ஒரு கடிதம். நாட்டுக் கதைகளும் விஞ்ஞான நாடகமும் என்ற பொருளில் பத்து நிமிஷம் வந்து பேச வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அவர் அந்தக் கடிதத்தை ஆபீசிலிருந்து கையில் பிடித்துக்கொண்டே ஓடி வந்தார். அவர் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

"எழுதிக் குடு" என்றார்.

"எழுதறேன். ஆனா நான் எழுதினபடி படிக்கணும். மலைக்காரம்மா சொன்னதுன்னு சொல்லணும்."

"ஒரு எழுத்து மாத்தாம படிக்கறேன். போதுமா?"

இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். வாழ்நாளில் அத்தனை கவனமாக நான் எதையும் எழுதியதில்லை. வாய்விட்டுப் படித்துப் பார்த்து, மூச்சு எங்கே வாங்க வேண்டும் என்றுகூடக் கோடு போட்டுக் கொடுத்தேன். அவர் மொரப்பூருக்கு பஸ் ஏறி அங்கிருந்து ரயிலில் சென்னை போனார்.

பேச்சு சாயங்காலம் வந்தது. அக்காவும் நானும் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தோம். அறிவிப்பாளர் அவர் பெயரைச் சொன்னார். பிறகு அவருடைய குரல். தினம் "தண்ணி எடுத்தாச்சா?" என்று கேட்கிற குரலில் என் வார்த்தைகள் வந்தன. ஒவ்வொரு வாக்கியமும் அடுத்து என்ன என்று எனக்குத் தெரியும். நான் கோடு போட்ட இடத்தில் மூச்சு வாங்கினார். எனக்குக் கண் கலங்கியது. அது சந்தோஷமா வேறெதுவுமா என்று தெரியவில்லை.

மலைக்காரம்மாவின் கதை வருகிற இடம் வந்தது. "மலையிலிருந்து புளி கொண்டுவரும் ஒரு பெண் என்னிடம் சொன்னது" என்று நான் எழுதியிருந்தேன். அவர் படித்தது இது: "நான் வத்தல்மலைக்குச் சென்று அங்குள்ள மக்களிடம் விசாரித்தபோது தெரியவந்தது."

அவர் வத்தல்மலை அடிவாரத்தைக்கூடப் பார்த்ததில்லை.

"பொய்!" என்று கத்தினேன். நான் கத்தியதில் மண்டியிலிருந்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "பொய்! பொய்!" என்று பெட்டியைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தேன். பேச்சு முடியவில்லை, அவர் குரல் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அக்கா எழுந்து பெட்டியின் குமிழைத் திருப்பி நிறுத்தினார். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

மூன்றாம் நாள் கணவர் வந்தார். எனக்கென்று ஒரு பவுண்டன் பேனா வாங்கி வந்திருந்தார். பச்சைக் கலர். யுத்த காலத்தில் அது கிடைக்க எத்தனை கடை ஏறி இறங்கினாரோ. அதை நீட்டிக்கொண்டு, "கேட்டியா? எப்பிடி இருந்துச்சு?" என்றார்.

"நீங்க எப்பங்க மலைக்குப் போனீங்க?"

அவர் கை அப்படியே நின்றது.

"அங்க நிலையத்துல ஒருத்தரு படிச்சுப் பாத்துட்டு, யாரோ ஒரு பொம்பளை சொன்னாங்கறது ஆதாரம் ஆகாது, நேர்ல விசாரிச்சதா சொல்லுங்கன்னாரு. நான் என்னா பண்றது?"

"பண்ணமாட்டேன்னு சொல்லியிருக்கலாம். எழுதினது என் பொண்டாட்டி, அவளைக் கேக்கணும்னு சொல்லியிருக்கலாம்."

"ரேடியோ ஸ்டேஷன்ல போயி, இது என் பொண்டாட்டி எழுதிக் குடுத்ததுன்னு சொல்ல முடியுமா? நீயே சொல்லு!"

"ஏன் முடியாது? வெக்கமா?"

"ஆமாம்! வெக்கந்தான்!" என்று அவரும் கத்தினார். கத்திவிட்டு அவரே திடுக்கிட்ட மாதிரி உட்கார்ந்துவிட்டார்.

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு அதிக எரிச்சலாக இருந்தது. அன்று சாயங்காலமும் வழக்கம்போலக் கிணற்றிலிருந்து எனக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்தார். கெட்டவராக இருந்திருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். இனி உங்கள் பெயருக்கு ஒரு வரி எழுதமாட்டேன் என்று சொன்னேன்.

அந்தப் பச்சைப் பேனாவாலேயே பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுதினேன். இந்த மூன்று வருஷமும் விமரிசனம் எழுதியது நான்தான். இனி என் பெயரில் எழுதுகிறேன். நான் எழுதாத வாக்கியங்களைச் சேர்க்க வேண்டாம் என்று எழுதினேன். ஒரு வாரத்தில் ஒரு கார்டு வந்தது. "தங்கள் ஆர்வம் பாராட்டுக்குரியது. மாதர் பகுதிக்கு ஊறுகாய் வகைகள் பற்றி ஏதேனும் எழுதி அனுப்பலாம்" என்று இருந்தது. நான் சொன்னதை நம்பவில்லை என்றுகூட அவர் எழுதவில்லை. அது நம்ப வேண்டிய விஷயமாகவே அவருக்குத் தோன்றவில்லை.

திரும்ப எழுதினேன். மூன்று வருஷத்தில் எந்தெந்த வாரம் எந்தெந்த வாக்கியத்தை அவர் வெட்டினார், எங்கே என்ன சேர்த்தார் என்று வரிசையாக எழுதினேன். எல்லாம் எனக்கு மனப்பாடம். அந்தக் கடிதம் எட்டுப் பக்கம் வந்தது. பதில் இல்லை. ஒரு மாதம் ஓடியது. அந்த ஒரு மாதமும் ரேடியோ கேட்கப் போகவில்லை. அக்கா கூப்பிட்டால் தலைவலி என்பேன்.

பிறகு ஒரு வாரம் பத்திரிகை வந்தபோது, விளக்கெண்ணெய் விளம்பரத்துக்கு மேலே நாலு வரியில் ஒரு குறிப்பு இருந்தது. வானொலி விமரிசனங்களை இதுவரை எழுதி வந்தவர் இன்னாருடைய மனைவி என்றும், இனி அவர் பெயரிலேயே வெளிவரும் என்றும். முதலில் எனக்குப் புரியவில்லை. என் கடிதத்தை நம்பிவிட்டாரா? மத்தியானம் கணவரிடம் காட்டினேன். அவர் சாப்பாட்டிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னார்.

"எனக்கு எழுதிக் கேட்டாரு. ஆமான்னு எழுதிட்டேன்."

"எப்ப?"

"ஆச்சு, பத்து பாஞ்சு நாளு."

"எங்கிட்ட ஏங்க சொல்லல?"

"சொன்னா நீ என்னா சொல்லுவியோன்னுதான்."

"ஆபீசுல?"

"அவரு கேட்ட கடுதாசி ஆபீசுக்குத்தான் வந்துச்சு. அல்லாரும் சிரிச்சாங்க." சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். "தாசில்தாரு இப்ப எங்கிட்ட நாடகத்தைப் பத்திக் கேக்கறதில்ல."

எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. உடனே, மூன்று வருஷம் நான் இருந்த இடத்தில் இவர் இரண்டு வாரம் இருந்ததற்கா இரக்கம் என்று கோபமும் வந்தது. மோர் ஊற்றினேன்.

அடுத்த சந்தை நாளுக்காகக் காத்திருந்தேன். மலைக்காரம்மா மூட்டையை இறக்கி வைத்ததும், பத்திரிகையை எடுத்துக்கொண்டு மண்டிக்கே ஓடினேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். அந்த நாலு வரியையும் படித்துக் காட்டினேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"ஓகோ. உம் பேரு போட்டுட்டாங்க. நல்லதுதான். நாஞ்சொன்ன கதை எங்க போட்டிருக்கு?"

"அதை அவங்க வெட்டிட்டாங்கம்மா."

"ரேடியோவுல?"

"ரேடியோவுல... எங்க வூட்டுக்காரர் தானே மலைக்கு வந்து கேட்டதா சொல்லிட்டாரு."

"நீ எழுதிக் குடுத்ததுல என்னான்னு எழுதின?"

"மலையிலிருந்து வர்ற ஒரு பொம்பளை சொன்னதுன்னு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மெதுவாக, பெட்டியிடம் கத்திய குரலில் இல்லாமல், கேட்டார்.

"எம் பேரு என்னான்னு உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. நாலு வருஷமாக அவர் கையால் தேன் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன். ஒருநாள்கூடக் கேட்டதில்லை.

"அந்த வக்கீலு எடுத்துக்கினு போனான். உம் புருசன் எடுத்துக்கினு போனான். நீயும்தான் எடுத்துக்கினு போன. நீ மட்டும் அழுதுகினு எடுத்துக்கினு போன, அவ்வளவுதான்."

அங்கே புளியைப் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். எனக்குத் தலை நிமிரவில்லை. அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க முடியவில்லை. இத்தனை நாள் ஊர்மேலெல்லாம் பட்ட கோபம் திரும்பி என்மேலேயே வந்து விழுந்தது. "பேரு சொல்லுங்கம்மா. நீங்க சொன்ன கதையை முழுசா எழுதறேன். மேலே உங்க பேரைப் போடறேன்" என்றேன்.

அவர் பெயரைச் சொன்னார். அன்று சாயங்காலம் கதையை முதலிலிருந்து சொன்னார். சொல்லச் சொல்ல எழுதினேன். முதல் தடவை கோபத்தில் சொல்லாமல் விட்டதெல்லாம் இப்போது வந்தது: சுனையில் உட்கார்ந்திருந்தவளுக்கு மீன்கள் காவல் இருந்தது, தானியக் குதிரை உடைத்த பெண்களில் அவன் தாயும் இருந்தது. எழுதியதைப் படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் திருத்தினார். பிறகு, "பேரு வேண்டாம்" என்றார்.

"ஏம்மா? நீங்கதானே கேட்டீங்க?"

"உனக்குத் தெரியணும்னு கேட்டேன். காயிதத்துல போடவா கேட்டேன்? இது எங்க மலையில பொம்பளைங்க அல்லாரும் சொல்ற கதை. நானே கட்டினதுன்னு போட்டா, நாளைக்கு அவங்க மூஞ்சில எப்பிடி முழிப்பேன்? மலை பேரைப் போடு. பொம்பளைங்க சொன்னதுன்னு போடு."

அப்படியே அனுப்பினேன். ஒரு வார்த்தை வெட்டினாலும் இதுதான் நான் உங்களுக்கு அனுப்புகிற கடைசி எழுத்து என்று கூடவே ஒரு துண்டுக் கடிதம் வைத்தேன். ஆசிரியர் முழுவதையும் போட்டார். வத்தல்மலைப் பெண்கள் சொன்னது என்று மேலே, எழுதி அனுப்பியது என்று கீழே என் பெயர். மலைக்காரம்மாவுக்கு மூன்று பிரதி கொடுத்தேன். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார். மலையில் யார் படித்தார்கள் என்று கேட்டதற்கு, பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் மாதம் ஒருமுறை வருவார், அவரைப் படிக்கச் சொல்லி எல்லோரும் உட்கார்ந்து கேட்டோம் என்றார். "அவரு நல்லாப் படிக்கல. அவசரப்படறாரு" என்றும் சொன்னார்.

நாடகம் எழுதிய வக்கீல் சும்மா இருக்கவில்லை. அடுத்த இதழில் அவருடைய கடிதம் வந்தது. படிப்பறியாத மக்களின் கர்ணபரம்பரைக் கதையைத் தாம் விஞ்ஞானத்தால் உயர்த்தியிருப்பதாகவும், ஒரு குடும்பப் பெண் இல்லறத்தைப் பழிப்பது வருத்தம் தருவதாகவும் எழுதியிருந்தார். நான் பதில் எழுதினேன். உங்கள் விஞ்ஞானி இரண்டாயிரமாவது வருஷத்தில் இருக்கிறார். திருடுவது எந்த வருஷத்திலும் திருட்டுதான். அதை ஒப்புக்கொள்ள விஞ்ஞானம் வேண்டியதில்லை என்று எழுதினேன். அதை ஆசிரியர் போடவில்லை. பிரதி என்னிடம் இருந்தது. அக்காவிடம் படித்துக் காட்டினேன். அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

யுத்தம் முடிந்த வருஷம் கணவருக்கு அரூருக்கு மாற்றலாயிற்று. அக்காவை விட்டு வந்தது எனக்குப் பெரிய கஷ்டம். அரூரில் எங்களுக்கு அமைந்த வீட்டில் ரேடியோ இல்லை. ஊருக்குப் பொதுவாக ஒரு பெட்டியைப் பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் கூண்டுக்குள் வைத்திருந்தார்கள். சாயங்காலம் ஆனால் ஆண்கள் அதைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். பெண்கள் குடத்தோடு போகிற போக்கில் காதில் விழுந்ததைக் கேட்டால் உண்டு.

அங்கே போன மூன்றாவது மாதம், நேயர்கள் விரும்பிக் கேட்டதற்கிணங்க அந்தச் செவ்வாய்க் கிரக நாடகத்தை மறுபடி ஒலிபரப்பப்போவதாகப் பத்திரிகையில் பார்த்தேன். கணவரிடம், "நான் கேக்கப் போறேன்" என்றேன்.

"அங்க அல்லாம் ஆம்பளைங்க உக்காந்திருப்பாங்களே."

"இருக்கட்டும்."

அவர் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். "நானும் வரட்டுமா?" என்றார்.

"உங்களுக்குக் கேக்கணும்னா வாங்க."

நான் முக்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனேன். அவர் பின்னால் வந்தார். கூண்டுக்கு நேர் எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். இரண்டு பேர் எழுந்து தள்ளி உட்கார்ந்தார்கள். ஒருவர் தொண்டையைக் கனைத்தார். நாடகம் ஆரம்பித்தது. ஒரு வார்த்தை மாற்றவில்லை அந்த வக்கீல். அதே "ஐயோ பேய்", அதே தலைவலி, அதே அடுக்களை. சுற்றி இருந்தவர்கள் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்கள். நான் பென்சிலால் எழுதிக்கொண்டே இருந்தேன். முதல் தடவை வந்த அதே அளவு கோபம் இப்போதும் வந்தது.

நாடகம் முடிந்து நாதஸ்வரம் ஊதும்போது, பக்கத்தில் இருந்த ஒரு வயசாளி என்னைப் பார்த்து, "என்னாம்மா எழுதறீங்க, கணக்கா?" என்று கேட்டார்.

"விமரிசனங்க" என்றேன்.

"நாடகம் எப்பிடி?"

அதற்குள் சுற்றி ஏழெட்டுப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற கணவர் வாயைத் திறக்கவில்லை. நான் சொல்ல ஆரம்பித்தேன்.